மழை நின்ற பிறகு ஏறிய தண்ணீர்: பள்ளிக்கரணை அருகே ஓர் அடுக்ககத்தில் நான்கு நாட்கள்

பின்னணி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னையில் வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவே ஒரு தெருவில், 16 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் நடந்தவற்றின் பதிவு இது. அப்போது அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்தேன். இதில் வரும் முடிவுகளில் பல நான் எடுத்தவை. சில, நான் எடுத்திருக்க வேண்டியவை. சம்பந்தப்பட்ட குடும்பங்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன். பெயர்கள் தரவில்லை.

கட்டடம் 2009-இல் கட்டியது. தரைத்தளத்தில் 4 வீடுகள், மேலே மூன்று மாடிகளில் 12. தரைத்தளம் தெருவைவிட மூன்று படி உயரம். மீட்டர் பெட்டிகள், மோட்டார் அறை, சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி எல்லாமே கீழேதான். வாட்ச்மேன், அவர் மனைவி, பள்ளிக்குப் போகும் பையன் மூவரும் கேட்டை ஒட்டிய ஓர் அறையில் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்து அன்று 53 பேர்.

தெரு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், செம்பாக்கம், நன்மங்கலம், மேடவாக்கம், பெரும்பாக்கம் எனத் தென்சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பினால், அவற்றின் உபரி நீர் கடைசியில் வந்து சேர்வது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம், கடல். நீளமான வழி, குறுகலான வழி. சதுப்பு நிலத்துக்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. ஆனால் அதன் பழைய பரப்பில் பெரும்பகுதி அதற்கு முன்பே சாலையாகவும் குப்பைக் கிடங்காகவும் கட்டடங்களாகவும் ஆகிவிட்டது. எங்கள் தெருவும் அந்தப் பழைய நீர்ப்பரப்பின் ஓரத்தில்தான் இருக்கிறது.

2015 வெள்ளத்தில் தண்ணீர் தரைத்தள வீடுகளுக்குள் முழங்கால் வரை நின்றது. அன்று இருந்தவர்கள் மோட்டார் அறைச் சுவரில் சிவப்புக் கோடு ஒன்று போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருந்தார்கள். 2021-இல் கட்டடத்துக்கு வெள்ளை அடித்தபோது அந்தக் கோடு போய்விட்டது. அதற்குள் பாதி வீடுகளில் ஆட்கள் மாறியிருந்தார்கள். கோடு போனதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

தரைத்தளத்தில் ஒரு தம்பதி. கணவருக்கு 61 வயது, சிறுநீரகச் செயலிழப்பு. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். முதல் மாடியில் எட்டு மாத கர்ப்பிணி ஒருவர், கூடவே அவருடைய அம்மா. இந்தப் பதிவு பெரும்பாலும் இவர்களைப் பற்றியது.

எச்சரிக்கை வந்த இரண்டு நாட்கள்

எச்சரிக்கை வரவில்லை என்று எங்களில் யாரும் சொல்ல முடியாது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானது, அது புயலாக மாறும் என்பது, வட தமிழகக் கடலோரத்தில் அதி கனமழைக்கு வாய்ப்பு என்பது எல்லாம் சனிக்கிழமை, டிசம்பர் 2-ஆம் தேதியே எங்கள் வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்துவிட்டன. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை என்ற அறிவிப்பும் முன்கூட்டியே வந்தது.

ஆனால் அந்தச் சொற்களை நாங்கள் அளவாகப் படிக்கவில்லை. வானிலை மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, 21 அல்லது அதற்கு மேல் போனால் அதி கனமழை. கனமழைக்கும் அதி கனமழைக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கலாம். எங்கள் காதில் இரண்டும் "நல்லா மழை பெய்யும்" என்றுதான் விழுந்தன.

இன்னொரு தவறு, பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சனி, ஞாயிறு முழுக்கக் குழுவில் ஓடியது செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம். மொத்தம் 24 அடி, இப்போது எவ்வளவு, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று மணிக்கொரு தகவல். 2015 தந்த பயம் அது, இயல்பானதுதான். ஆனால் செம்பரம்பாக்கத்தில் திறக்கும் தண்ணீர் அடையாற்றில் போகிறது. எங்கள் தெருவை மூழ்கடிக்கக் கூடியவை கீழ்க்கட்டளை, நாராயணபுரம் பக்கத்து ஏரிகள். அவற்றின் நிலவரத்தை ஒருவரும் கேட்கவில்லை. "செம்பரம்பாக்கத்துல பிரச்சினை இல்ல" என்று ஞாயிறு மதியம் ஒருவர் எழுதியதும் குழுவே கொஞ்சம் நிம்மதியானது.

ஞாயிறு அன்று ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், தெலங்கானா தேர்தல் முடிவுகள். எந்த வீட்டில் நுழைந்தாலும் டிவியில் அதுதான் ஓடியது.

சரியாகச் செய்தவையும் உண்டு. 19 கார்களில் 11-ஐ மேடான சாலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். மாலையில் மேல்தொட்டியை முழுவதும் நிரப்பி, சம்பிலிருந்து வரும் வால்வை அடைத்தோம். பின்னால் நான்கு நாட்கள் எங்களைக் காப்பாற்றியது அந்தத் தொட்டிதான்.

ஞாயிறு மாலை எடுக்காத முடிவு

டயாலிசிஸ் நோயாளிக்குக் கடைசியாக வெள்ளிக்கிழமை, 1-ஆம் தேதி நடந்திருந்தது. அடுத்தது செவ்வாய், 5-ஆம் தேதி. மழை வருகிறதே என்று அவர் மனைவி சனிக்கிழமையே டயாலிசிஸ் மையத்துக்குப் போன் செய்து, முன்னதாகச் செய்ய முடியுமா என்று கேட்டார். ஞாயிறு விடுமுறை, வேண்டுமானால் திங்கள் காலை 7 மணிக்கு வாருங்கள் என்றார்கள். அந்த அம்மா சனிக்கிழமையே கேட்டதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் 53 பேரில் எச்சரிக்கையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிறு மாலை 5 மணிக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது, தெருவில் தண்ணீர் இல்லை, ஆட்டோ ஓடியது. மகள் அண்ணாநகரில் இருக்கிறார். அவர் வீட்டிலிருந்து டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனை நடக்கும் தூரம். இன்று ராத்திரியே அங்கே போய்விடலாமே என்றேன்.

"சம்பந்தி வீட்ல போய் எத்தனை நாள் சார் உக்கார்றது? காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஆறு மணிக்குக் கெளம்பினா போயிடலாம்" என்றார் நோயாளி.

மகள் இருப்பது கூட்டுக் குடும்பத்தில். நோயோடு, டயாலிசிஸ் கையோடு, சம்பந்தி வீட்டில் போய் நாள் கணக்காக உட்காரும் கூச்சம் எனக்கும் புரிந்தது. அதனால் மேற்கொண்டு பேசவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தார். நான் இன்னொரு முறை சொன்னால் அவர் கிளம்புவார் என்று அந்த அம்மா நினைத்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "நீங்க ஒரு வார்த்த அழுத்திச் சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு" என்று பின்னாளில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் உண்மை.

இரவைத் தாண்டிக் காலையில் ஒரு பயணம் இருக்கிறது என்று திட்டமிட்டதில்தான் எல்லாம் கெட்டது. அந்த இரவுக்குத்தான் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள்.

திங்கள்கிழமை, டிசம்பர் 4

நள்ளிரவுக்குப் பிறகு மழை ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. 3 மணிக்குக் கேட் வாசலில் கணுக்கால் அளவு. 3:40-க்கு மின்சாரம் நின்றது. நான்கரைக்கு வாட்ச்மேன் கதவைத் தட்டினார். அவர்கள் அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. குடும்பத்தை முதல் மாடிக்கு ஏற்றினோம். 5 மணிக்கு மூன்று படியும் மூழ்கி, தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தெருவில் இடுப்பளவு.

7 மணி டயாலிசிஸுக்கு 6 மணிக்குக் கிளம்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் இரண்டாவது மாடிக்குத் தூக்கினோம். அதற்குப் பிறகு மற்ற வீடுகளிலிருந்து சாமான்களை எடுக்க இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் வாட்ச்மேன் கத்தினார்: "சார், தண்ணில கால் வெச்சா ஜிவ்வுன்னு இழுக்குது!"

மூன்றாவது மாடியில் இருப்பவர் ஒரு தொழிற்சாலையில் மின்பிரிவு மேற்பார்வையாளர். அவர் படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "எல்லாரும் மேல வாங்க. கரன்ட் போனாலும் உள்ள இன்வெர்ட்டர் ஓடிட்டிருக்கு."

அதுதான் காரணம். தெருவுக்கே மின்சாரம் நின்றுவிட்டது என்பதால் ஆபத்து இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தோம். தரைத்தளத்தில் இரண்டு வீடுகளில் இன்வெர்ட்டர் இருந்தது. தெரு மின்சாரம் நின்ற நொடியில் அவை ஓடத் தொடங்கி, சுவரில் ஓரடி உயரத்தில் இருந்த பிளக் பாயின்ட்களுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தன. அந்த பாயின்ட்கள் தண்ணீருக்குள்.

அங்கே எடுத்த முடிவு: இனி யாரும் தரைத்தளத்துக்கு இறங்கக் கூடாது. ஒரு வீட்டுக்காரர் மன்றாடினார். அலமாரியின் கீழ்த்தட்டில் வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்கள். பத்து அடி தூரம்தான். உள்ளே போய் இன்வெர்ட்டரை அணைத்துவிடலாமே என்றார். மேற்பார்வையாளர் விடவில்லை. நானும் விடவில்லை. பேட்டரி மூழ்கி இன்வெர்ட்டர் தானாக நிற்கும்வரை, ஏறத்தாழ மூன்று மணி நேரம், படியில் காவல் இருந்தோம். காகிதங்கள் நாசமாயின. நகல் வாங்க அவர் பல மாதம் அலைந்தார். இன்றும் அந்த முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஞாயிறு இரவு படுக்கப் போகும் முன் அந்த இரண்டு இன்வெர்ட்டர்களையும் அணைத்து, அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்ய ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

வாட்ச்மேனுக்கு மின் அதிர்ச்சியால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் பதறி ஏறும்போது குதிகாலில் ஏதோ கிழித்துவிட்டது. துணியால் கட்டிக்கொண்டார். அந்தக் காயம் பின்னால் வருகிறது.

பகல் முழுக்க மழை. புயல் சென்னைக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் கடலில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. விமான நிலையம் மூடப்பட்டது, மின்சார ரயில்கள் நின்றன. மதியத்துக்குப் பிறகு கைபேசிச் சிக்னல் போனது. மொட்டை மாடியின் ஒரு மூலையில் மட்டும் ஒரே ஒரு நிறுவனத்தின் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைத்தது. அங்கே குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். மேல்தொட்டியில் மாலைக்குள் பாதி காலி. அதன் பிறகுதான் வீட்டுக்கு நாளுக்கு நான்கு பக்கெட் என்று கணக்கு வைத்தோம். காலையிலேயே வைத்திருக்க வேண்டும்.

மழை நின்ற பிறகு

திங்கள் இரவு மழை குறைந்து, பிறகு நின்றுவிட்டது. எல்லோருக்கும் பெருமூச்சு. விடிந்தால் வடிந்துவிடும், மையத்துக்குப் போன் செய்து செவ்வாய் மதியம் டயாலிசிஸுக்கு நேரம் கேட்கலாம் என்று இரண்டாவது மாடியில் உட்கார்ந்து பேசினோம். அன்று இரவு படகு தேடவில்லை. யாரையும் உதவிக்குக் கூப்பிடவும் இல்லை.

செவ்வாய் காலை தண்ணீர் முந்தைய இரவைவிட அரை அடி கூடியிருந்தது.

வானத்தில் மழை இல்லை. தெருவில் மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டம் தெரிந்தது. மேலே இருந்த ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீர் சதுப்பு நிலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. சதுப்பு நிலமோ ஏற்கெனவே நிரம்பி நின்றது. புயலால் கடல் கொந்தளித்திருந்ததால் முகத்துவாரத்தில் நீர் எளிதாக இறங்கவில்லை. புயல் 5-ஆம் தேதி பிற்பகல் ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. நகரின் பல பகுதிகளில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் அன்றுதான் உச்சம்.

இந்தத் தெருவில் 2015-ஐப் பார்த்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அன்றும் இப்படித்தான் மழை விட்ட பிறகு ஏறியது என்று ஒரு பெரியவர் செவ்வாய் மதியம் சொன்னார். திங்கள் இரவு அவரிடம் யாரும் கேட்கவில்லை. வானிலை எச்சரிக்கை மழையைப் பற்றியது. எங்கள் தெருவுக்கு வெள்ளம் வருவது மழைக்கு அடுத்த நாள். மழை நின்றதை நாங்கள் ஆபத்து நின்றதாக எடுத்துக்கொண்டோம். அதனால் இழந்தது 12 மணி நேரம். டயாலிசிஸ் நோயாளிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

படகில் இரண்டு இடம்

செவ்வாய் காலை முதல் உதவி எண்களுக்கு முயன்றோம். கிடைத்தபோது பதிவு செய்துகொண்டார்கள். அண்ணாநகரில் இருந்த மகள் சமூக வலைத்தளங்களில் முகவரியைப் போட்டு, தெரிந்தவர் மூலமாக மீனவர் படகுக் குழு ஒன்றைப் பிடித்தார். மாலை 4 மணிக்கு மேல் படகு எங்கள் கேட்டுக்கு வந்தது. அதில் ஏற்கெனவே கைக்குழந்தைகளோடு ஆட்கள்.

"ரெண்டு பேர்தான் ஏத்த முடியும்ணா. சீக்கிரம் சொல்லுங்க, இருட்டுது" என்றார் படகோட்டி.

யார் முதலில் என்று நாங்கள் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவில்லை. படியில் நின்றபடி அரை நிமிடத்தில் முடிவு செய்தோம். கர்ப்பிணியும் அவர் அம்மாவும். நோயாளியே மேலேயிருந்து, "அந்தப் பொண்ணு மொதல்ல போகட்டும் சார். எனக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

இந்த முடிவைப் பல முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அன்று வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, பிரசவ நாள் ஐந்து வாரம் தள்ளி. நோயாளிக்கு டயாலிசிஸ் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. காலை முதல் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தே இருந்தார். முகம் வீங்கியிருந்தது. ஆனால் அமைதியாக இருந்தார், வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்து. கர்ப்பம் கண்ணுக்குத் தெரிகிறது, ரத்தத்தில் ஏறும் பொட்டாசியம் தெரிவதில்லை. இரண்டு இடத்தில் ஒன்றைக் கர்ப்பிணிக்கும் மற்றொன்றை நோயாளிக்கும் கொடுத்திருக்கலாம். அம்மா மறுநாள் போயிருக்கலாம். அந்த அரை நிமிடத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பெண் போனது தவறு என்று சொல்லவரவில்லை. இரண்டாவது இடத்தைத்தான் சொல்கிறேன்.

இடையில் நோயாளியின் மனைவி செய்ததைப் பதிவு செய்தாக வேண்டும். டயாலிசிஸ் தள்ளிப்போனால் என்ன சாப்பிடக் கூடாது என்று முன்பு ஒரு செவிலியர் சொன்னதை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குக் குடிக்கும் நீர் உடம்பிலேயே தேங்கும். உப்பு தாகத்தைக் கூட்டும். பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். அக்கம்பக்கத்தார் அன்போடு கொண்டுவந்தவை இளநீர், ரசம், ஆரஞ்சு. நிவாரணமாக வந்த பொட்டலத்தில் பிரெட், பால், வாழைப்பழம். அவருக்கு ஆகாதவற்றில் இளநீரும் பழங்களும்தான் முதலில் வருகின்றன. அந்த அம்மா எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கணவருக்கு உப்பில்லாத சாதம் கொஞ்சம், நாளுக்கு மூன்று சிறிய டம்ளர் நீர் என்று அளந்து கொடுத்தார். "இவ்வளவு தண்ணிக்கு நடுவுல ஒரு வாய் தண்ணி கேக்கறாரு, குடுக்க முடியல" என்று படியில் உட்கார்ந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனார்.

புதன்கிழமை முதல்

புதன் காலை 9 மணிக்குப் படகு மறுபடி வந்தது. நாற்காலியோடு இறக்கி ஏற்றினோம். பிரதான சாலை வரை படகு, அங்கிருந்து ஆம்புலன்ஸ். மருத்துவமனையில் ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்ததால் முதலில் பொட்டாசியத்தின் பாதிப்பைத் தடுக்க ஊசி மருந்து கொடுத்து, பிற்பகலில் டயாலிசிஸ் செய்தார்கள். வெள்ளிக்குப் பிறகு ஐந்தாம் நாள். இன்னும் ஓரிரவு தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் மகளிடம் சொன்னதை அவர் எங்களிடம் சொல்ல மறுத்துவிட்டார். 10-ஆம் தேதி நோயாளி வீடு திரும்பினார், மகள் வீட்டுக்கு. சம்பந்தி அம்மா அறையைக் காலி செய்து கொடுத்து, பொங்கல் வரை அங்கேயே வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு ஜனவரியில் சுகப்பிரசவம்.

தெருவில் தண்ணீர் வெள்ளிக்கிழமைதான் கால் நனையும் அளவுக்கு இறங்கியது. சம்புக்குள் சாக்கடை கலந்திருந்தது. இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, லாரித் தண்ணீர் நிரப்ப 9-ஆம் தேதி ஆனது. மீட்டர் பெட்டிகளைக் காயவைத்துச் சோதித்த பிறகே மின் இணைப்பு வாங்கினோம். இதில் அவசரப்படவில்லை.

வாட்ச்மேன் விஷயத்தில் தவறினோம். தெருமுனையில் மருத்துவ முகாம் நடந்தபோது, எலிக்காய்ச்சல் வராமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். எலிச் சிறுநீர் கலந்த நீர் காயம் வழியாக உடம்புக்குள் போனால் வரும் காய்ச்சல் அது. வீட்டுக்காரர்கள் போய் வாங்கிக்கொண்டோம். அவர் அந்த நேரத்தில், குதிகால் காயத்தோடு, எங்கள் சம்பிலும் மோட்டார் அறையிலும் சேறு அள்ளிக்கொண்டிருந்தார். வெள்ள நீரில் அவரைவிட அதிக நேரம் நின்றவர் யாரும் இல்லை. அவரைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. 15-ஆம் தேதி காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி மூன்று நாள் ஓட்டினார். கண் சிவந்து மஞ்சளித்த பிறகே மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். எலிக்காய்ச்சல். ஒன்பது நாள் படுக்கை. பிழைத்தார். செலவைச் சங்கம் ஏற்றது. அவரிடம் மன்னிப்பும் கேட்டோம்.

மாற்றியவை

2024 பிப்ரவரியில் கூட்டம் போட்டோம். மோட்டார் அறைச் சுவரில் கோடு மறுபடி வந்தது. இப்போது இரண்டு கோடுகள், 2015-க்கு ஒன்று, 2023-க்கு ஒன்று. கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறோம், வெள்ளை அடித்தாலும் போகாது. கேட் தூணில் அங்குலக் கணக்கில் அளவுகோல் வரைந்தோம். தண்ணீர் கேட்டைத் தொட்டதுமே, மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தரைத்தள இன்வெர்ட்டர்களை அணைத்து பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். இது மேற்பார்வையாளரின் பொறுப்பு. அவர் ஊரில் இல்லையென்றால் அவர் கற்றுக்கொடுத்த இரண்டு இளைஞர்கள்.

முக்கியமான மாற்றம் நேரம் பற்றியது. மறுநாளுக்கு அதி கனமழை என்று எச்சரிக்கை வந்தால், டயாலிசிஸ், ஆக்சிஜன், கடைசி மாத கர்ப்பம், படுக்கையில் இருப்பவர்கள் எல்லோரும் முதல் நாள் மாலை 4 மணிக்குள், வெளிச்சத்தில், கிளம்பிவிட வேண்டும். மழை தொடங்கியதா, தெருவில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. செயலாளர் ஒரு முறை கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. இரண்டு பேராகப் போய், போகும் வீட்டாரிடமும் பேசி, வண்டி ஏற்றிவிட்டே வர வேண்டும். மழை நின்ற பிறகும் 24 மணி நேரம் இந்த ஏற்பாடு நீடிக்கும். படகு வந்தால் யார் முதலில் என்ற பட்டியலை ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதில் முதல் பெயர் டயாலிசிஸ் நோயாளியுடையது. சுத்தம் செய்ய இறங்குபவர்களுக்கு கம்பூட்ஸ், முகாம் மாத்திரை, காயம் இருந்தால் இறங்கக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்கிறது.

2024: இரண்டு முறை சோதனை

2024 அக்டோபர் 14, திங்கள். மறுநாளுக்கும் அதற்கு மறுநாளுக்கும் எச்சரிக்கை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியதை ஊரே பார்த்தது. எங்கள் நோயாளி மாலை 3 மணிக்கே பையோடு தயாராக இருந்தார். 15-ஆம் தேதி நல்ல மழை, தெருவில் கணுக்கால் அளவு. 16-க்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தும் பெரிதாகப் பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் 17 அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துவிட்டது. "வீணா அலைஞ்சோம்" என்று இரண்டு வீட்டார் குழுவில் எழுதினார்கள். அன்று செலவானது ஓர் ஆட்டோவும் மூன்று நாள் சிரமமும். முந்தைய ஆண்டு நான் அதைத்தான் மிச்சப்படுத்தினேன்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சென்னையில் அன்று விமான நிலையம் மூடும் அளவுக்கு மழை. இம்முறை நோயாளி கிளம்பினார். ஆனால் அக்டோபரில் அலைந்த இரண்டு வீட்டாரும் வயதான பெற்றோரை அனுப்ப மறுத்தார்கள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேயே நின்றதால் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறையும் மறுப்பார்கள் என்றே நினைக்கிறேன். அதற்கு இன்னும் எங்களிடம் வழி இல்லை.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்குப் புதிதாக வாடகைக்கு வந்தார்கள். இளம் தம்பதி, சிறு குழந்தை. விதிகளை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. மாதச் சந்தா வாங்கப் போன நான் பார்த்தபோது அவர்கள் வீட்டு இன்வெர்ட்டர் தரையிலேயே இருந்தது, பக்கத்தில் குழந்தையின் விளையாட்டுச் சாமான்கள். மறுநாள் சுவரில் ஸ்டாண்ட் அடித்து மேலே ஏற்றினோம். பிறகு குழந்தையின் அப்பாவான அந்தப் பையனை மோட்டார் அறைக்கு அழைத்துப் போய், கல்லில் இருக்கும் இரண்டாவது கோட்டில் கையை வைக்கச் சொன்னேன். அவன் மார்புக்கு வந்தது.